மலைச் சாலையில் மண் சரிந்தால் யார் பொறுப்பு?

லிங்கி – பள்ளி விடுமுறை வந்துவிட்டால் லிங்கி, ரந்தாவ், போர்ட்டிக்சன் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் கேமரன் மலைக்கோ கெந்திங் மலைக்கோ வண்டியைக் கிளப்புவது வழக்கம். தோட்டத்து வெயிலில் ஆண்டு முழுவதும் உழைத்தவர்களுக்கு இரண்டு நாள் குளிர்க்காற்று என்பது பெரிய ஆறுதல். செல்லும் வழியில் சாலையோரத்தில் சிமெண்டு பூசிய பெரிய பெரிய சுவர்களையும் படிப்படியாக வெட்டப்பட்ட மலைகளையும் பார்த்துக்கொண்டே போகிறோம். அவை ஏன் அங்கே இருக்கின்றன என்று நின்று யோசிப்பவர்கள் குறைவு.

லிங்கியிலிருந்து வடக்கே செல்லும் ஒரு காரின் பாதையை மட்டும் எடுத்துக்கொள்வோம். புதிய கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலை வழியாகச் சென்றால் புக்கிட் லஞ்சானைக் கடக்க வேண்டும். 2003ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி அங்குதான் ஏறத்தாழ 35,000 கன மீட்டர் பாறை சாலையில் சரிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், நாட்டின் மிகப் பரபரப்பான விரைவுச்சாலைகளில் ஒன்று அந்தப் பகுதியில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் மூடப்பட்டுக் கிடந்தது. பேராக்கில் தாப்பாவைத் தாண்டிச் சென்றால் குவா தெம்புருங். 1996 ஜனவரி 6ஆம் தேதி அங்கு விரைவுச்சாலை மீது சரிந்த மண் ஒரு லோரி ஓட்டுநரின் உயிரைப் பறித்தது. அதே வட்டாரத்தில், அதே ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி, போஸ் டிப்பாங் பூர்வகுடி கிராமத்தை மரமும் சேறும் கலந்த வெள்ளம் அடித்துச் சென்றதில் 44 பேர் மாண்டனர்.

கெந்திங் பக்கம் திரும்பினாலும் கதை அதேதான். 1995 ஜூன் 30ஆம் தேதி கெந்திங் செம்பா இணைப்புச் சாலையில் மலையிலிருந்து பாய்ந்து வந்த சேறும் பாறையும் வாகனங்களைப் பள்ளத்தில் தள்ளியதில் 20 பேர் உயிரிழந்தனர். 2022 டிசம்பர் 16ஆம் தேதி பத்தாங் காலியில் நடந்ததை நாடே அறியும்.

ஒரு விடுமுறைப் பயணத்தின் வழியில் இத்தனை துயர இடங்கள் இருக்கின்றன. இவற்றை விதி என்று சொல்லிக் கடந்துவிடலாமா? அல்லது முன்கூட்டியே கண்டறிந்து தடுத்திருக்க முடியுமா? இந்தக் கேள்விக்கான விடை மலையில் வாழ்பவர்களுக்கு மட்டுமல்ல, அடிவாரத்தில் வாழும் நமக்கும் தேவைப்படுகிறது.

பத்தாங் காலி சொன்ன பாடம்

பத்தாங் காலி – கெந்திங் மலைச் சாலையை ஒட்டிய ஓர் இயற்கை வேளாண் பண்ணையின் முகாமில் அன்றிரவு 92 பேர் இருந்தனர். பள்ளி விடுமுறை என்பதால் குழந்தைகளும் இருந்தனர். அதிகாலை இரண்டரை மணியை ஒட்டி, முகாமுக்கு மேலே ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில் சாலையோரச் சரிவு இடிந்து கூடாரங்களின் மீது விழுந்தது. 31 பேர் உயிரிழந்தனர். கடைசி உடலை மீட்பதற்குள் டிசம்பர் 24 ஆகிவிட்டது.

அந்த இடத்தில் பண்ணை நடத்த அனுமதி இருந்தது, முகாம் நடத்த உரிமம் இல்லை என்று அதிகாரிகள் பின்னர் தெரிவித்தனர். தொடர் மழையே சரிவுக்கு முக்கியக் காரணம் என்று அரசாங்கத்தின் ஆய்வு கூறியது. அன்றிரவு மட்டும் பெய்த மழையை வைத்து இதை அளக்க முடியாது. முந்தைய நாட்களிலும் வாரங்களிலும் பெய்து மண்ணுக்குள் ஊறிக் கிடந்த நீரும் சேர்ந்தே சரிவை நகர்த்தியது. முகாமுக்கு வந்தவர்கள் படுக்கப் போனபோது வானம் எப்படி இருந்தது என்பது அங்கு முக்கியமே இல்லை. காலுக்குக் கீழேயும் தலைக்கு மேலேயும் இருந்த மண் எவ்வளவு நீரைக் குடித்திருந்தது என்பதே முக்கியம். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எந்தப் பெற்றோராலும் முடியாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் வேறு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் நிலச்சரிவு என்றதும் ஆண்டு இறுதிப் பருவமழைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். மேலே சொன்ன தேதிகளைத் திரும்பப் பாருங்கள்: ஜனவரி, ஜூன், ஆகஸ்ட், நவம்பர், டிசம்பர். உலு லங்காட்டில் 16 பேரைப் பலிகொண்ட அனாதை இல்ல நிலச்சரிவு நடந்தது 2011 மே 21. கேமரன் மலை புளூ வேலியில் மியன்மார் தொழிலாளர்கள் ஐவர் புதையுண்டது 2024 ஜனவரி 26. மலைச் சரிவுக்குப் பாதுகாப்பான மாதம் என்று ஒன்று இல்லை.

மண் ஏன் சரிகிறது?

போர்ட்டிக்சன் கடற்கரையில் பிள்ளைகள் மணல் வீடு கட்டுவதைப் பார்த்திருப்போம். காய்ந்த மணலில் சுவர் நிற்காது. சற்றே ஈரமான மணலில் செங்குத்தான சுவர்கூட நிற்கும். ஓர் அலை வந்து நனைத்துவிட்டால் அடுத்த நொடி கரைந்துவிடும். மலையிலும் ஏறத்தாழ இதுதான் நடக்கிறது. மண் துகள்களுக்கு இடையே கொஞ்சம் ஈரமும் கொஞ்சம் காற்றும் இருக்கும்போது அந்த ஈரமே துகள்களை இழுத்துப் பிடிக்கும். தொடர் மழையில் இடைவெளிகள் முழுவதும் நீரால் நிறைந்ததும் அந்தப் பிடி போய்விடுகிறது. மேலும் நிறைந்தால் நீரே துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளத் தொடங்குகிறது. மண்ணின் எடையும் கூடிவிடுகிறது. தாங்கும் வலு குறைந்து, இழுக்கும் எடை கூடும் அந்தக் கணத்தில் சரிவு நகர்கிறது.

தித்திவாங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. ஆனால், வெயிலும் மழையும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கல்லை அரித்து, மேற்பகுதியைப் பல மீட்டர் ஆழத்திற்குச் சிவந்த மண்ணாக மாற்றியிருக்கின்றன. மேலே மண், கீழே கல், நடுவில் பாதி மண்ணும் பாதி கல்லுமாக ஓர் அடுக்கு. மழைநீர் இறங்கி அந்த நடு அடுக்கில் தேங்கினால், மேலே உள்ள மண் வழுக்கிக்கொண்டு இறங்கும். இதே மலைத்தொடரின் தெற்கு முனைதான் நம் நெகிரி செம்பிலானுக்குள் ஜெலுபு வரை வருகிறது. சிரம்பானிலிருந்து குவாலா பிலா செல்லும் புக்கிட் புத்துஸ் சாலையும், ஜெலுபு செல்லும் புக்கிட் தங்கா சாலையும் அந்த மலைகளின் மேலேதான் ஏறி இறங்குகின்றன.

சாலை போடும்போது இந்த மலைக்கு இரண்டு காயங்கள் ஏற்படுகின்றன. ஒரு பக்கம் மலையை வெட்டுகிறார்கள். வெட்டிய மண்ணை மறுபக்கப் பள்ளத்தில் கொட்டி இறுக்கி அதன்மேல் பாதிச் சாலையைப் போடுகிறார்கள். வெட்டிய பக்கம் சரிந்தால் மண் சாலையை மூடும். நிரப்பிய பக்கம் சரிந்தால் சாலையே பாதியாகப் பிளந்து பள்ளத்தில் போகும். கீழே யாராவது இருந்தால் அவர்கள் மேல் விழும்.

மதிப்பீடு என்றால் என்ன?

ஆயிரக்கணக்கான சரிவுகள் உள்ள நாட்டில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முடியாது. எதை முதலில் தொடுவது என்று முடிவு செய்யத்தான் மதிப்பீடு. பொறியியலாளர்கள் இதில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்கிறார்கள். முதலாவது, இந்தச் சரிவு இடிய எவ்வளவு வாய்ப்பு? உயரம், சாய்வு, மண்ணின் வகை, நீர் கசிவு, வடிகாலின் நிலை, முன்பு சரிந்த வரலாறு ஆகியவற்றைக்கொண்டு இதைக் கணக்கிடுகிறார்கள். இரண்டாவது, இடிந்தால் யாருக்கு என்ன ஆகும்? நாளுக்கு எத்தனை வாகனங்கள் போகின்றன, கீழே வீடு உள்ளதா, பள்ளி உள்ளதா, மாற்றுப் பாதை உள்ளதா என்பவை இதில் அடங்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்தின் அளவு தெரியும். ஆளில்லாக் காட்டில் நாளை இடியப்போகும் சரிவைவிட, பள்ளிப் பேருந்து போகும் சாலையில் பத்தாண்டில் இடியக்கூடிய சரிவு முன்னுரிமை பெறலாம்.

சந்தேகமுள்ள சரிவில் துளையிட்டு மண் மாதிரி எடுப்பார்கள். நிலத்தடி நீரின் மட்டத்தை அளக்கக் குழாய் இறக்குவார்கள். மண் உள்ளே மெல்ல நகர்கிறதா என்று காட்டும் கருவியைப் புதைப்பார்கள். இப்போது ஆளில்லா விமானமும், மரங்களை ஊடுருவித் தரையின் வடிவத்தைக் காட்டும் லேசர் படமும் உதவுகின்றன. இறுதியில் ஓர் எண் கிடைக்கிறது. தாங்கும் வலுவை, தள்ளும் விசையால் வகுத்த எண் அது. ஒன்றுக்குக் கீழே போனால் சரிவு நிற்காது. பொதுப்பணித் துறையின் வழிகாட்டியில் சாதாரணச் சரிவுகளுக்கு 1.3, வலுவூட்டப்பட்ட சரிவுகளுக்கு 1.5 என்பது பொதுவான அளவு.

புக்கிட் லஞ்சான் சம்பவத்திற்குப் பின்னர், 2004 பிப்ரவரியில், பொதுப்பணித் துறையில் சரிவுப் பொறியியல் பிரிவு தனியாக அமைக்கப்பட்டது. அது தயாரித்த தேசிய சரிவுப் பெருந்திட்டம் 2009 முதல் 2023 வரையிலான 15 ஆண்டுகளுக்கானது. கனிம, புவி அறிவியல் துறை தன் பங்கிற்குச் சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்கிறது. ஆக, நம்மிடம் நிபுணர்கள் இருக்கிறார்கள். திட்டமும் இருந்தது. ஆனால், அந்தத் திட்டத்தின் 14ஆவது ஆண்டில்தான் பத்தாங் காலி நடந்தது என்பதையும் மறந்துவிட முடியாது.

கம்பி, சிமெண்டு, வெட்டிவேர்

சரிவை நிலைப்படுத்தும் வழிகள் பல. மிகப் பழையது, மலையைப் படிபோல் வெட்டுவது. ஆறு மீட்டர் உயரத்திற்கு ஒரு படி, இரண்டு மீட்டர் அகலம் என்பது நம் நாட்டு வழக்கம். ஒவ்வொரு படியிலும் ஒரு வடிகால் இருக்கும். மேலிருந்து கீழே நீரை இறக்கப் படிக்கட்டு போன்ற கால்வாய் இருக்கும்.

இடம் போதாத செங்குத்தான சரிவில் துளையிட்டு, நீண்ட இரும்புக் கம்பிகளைச் செலுத்தி, சிமெண்டுக் குழம்பை ஊற்றி இறுக்குவார்கள். வழுக்கக்கூடிய மேல் மண்ணை உள்ளே இருக்கும் உறுதியான மண்ணோடு தைப்பது போன்ற வேலை இது. மேலே கம்பி வலை விரித்துச் சிமெண்டைப் பீய்ச்சி அடித்தால், நாம் வழியில் பார்க்கும் சாம்பல் நிறச் சுவர் கிடைக்கும். அதில் ஆங்காங்கே சிறு குழாய்கள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்திருக்கலாம். அந்தக் குழாய்கள்தான் மிக முக்கியம். உள்ளே சேரும் நீர் அவற்றின் வழியாக வெளியேறாவிட்டால், அத்தனை கம்பியும் சிமெண்டும் நீரைத் தேக்கும் அணையாகிவிடும்.

கற்களைக் கம்பிக் கூட்டில் அடுக்கிய சுவர், பாறையைப் பிணைக்கும் ஆணி, உருளும் கல்லைத் தடுக்கும் வலை, இரும்புத் தகடுகளை அடித்திறக்கிய தடுப்பு என்று இடத்திற்கேற்ற வழிகளும் உள்ளன. தமிழ்நாட்டின் நீலகிரியில் 2009 நவம்பரில் நிலச்சரிவுகள் 40-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. அங்குப் பிற்காலத்தில் நெடுஞ்சாலைத் துறை மண்ணுக்குள் கம்பி செலுத்தி, அதன்மேல் புல் விதைக் கலவையைத் தெளித்துப் பசுமைப்படுத்தும் முறையைக் கையாண்டது.

செடியும் ஒரு பொறியியலாளர்தான். உலகம் முழுவதும் சரிவுகளில் நடப்படும் ஒரு புல்லின் ஆங்கிலப் பெயர் நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. அது வெட்டிவேர். கோடையில் பானைத் தண்ணீரில் நம் பாட்டிமார் போட்ட அதே வெட்டிவேர்தான். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்திற்கு நேராக இறங்கும். அந்த வேரின் இழுவை வலு பொறியியலாளர்களையே வியக்க வைத்தது. அதைச் சரிவுகளுக்குப் பயன்படுத்தும் ஆய்வில் மலேசியா முன்னோடிகளுள் ஒன்று. 1980களின் இறுதியில் மலேசிய ரப்பர் ஆய்வுக் கழகத்தில் இதன்மீது முக்கிய ஆய்வு நடந்தது. பின்னர் நெடுஞ்சாலைச் சரிவுகளிலும் வெட்டிவேர் நடப்பட்டது. வேர் போகாத ஆழத்தில் ஏற்படும் பெரிய சரிவை அது தடுக்காது. ஆனால், மேல் மண் அரிப்பதைத் தடுத்து, சிறு காயம் பெரிய காயமாகாமல் காக்கும்.

இவை எதுவும் தோட்டத்து மக்களுக்கு அந்நியமான அறிவு இல்லை. ரப்பர் தோட்டங்களில் மலைச் சரிவைச் சுற்றிப் படி வெட்டியவர்கள், மழைநீரைத் தேக்கிக் குழி தோண்டியவர்கள், மண் தெரியாதபடி கொடி படரவிட்டவர்கள் நம் பெற்றோரும் தாத்தா பாட்டியும்தான். அடைத்துக்கொண்ட கால்வாயை ஒரு மழைக்கு விட்டால் அடுத்த மழையில் வரப்பு போய்விடும் என்பது அவர்களுக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே தெரிந்திருந்தது.

கால்வாயைச் சுத்தம் செய்வது யார்?

ஒரு சரிவைக் கட்டுவது ஒருநாள் செய்தி. அமைச்சர் வருவார், படம் எடுப்பார்கள். அதைப் பராமரிப்பது செய்தியாவதே இல்லை. ஆனால், பல சரிவுகளின் உயிர் ஒரு மண்வெட்டியில்தான் இருக்கிறது. படிகளில் உள்ள வடிகாலில் இலையும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், நீர் கால்வாயில் ஓடாமல் சரிவுக்குள் இறங்கும். வடிகாலில் ஒரு வெடிப்பு விழுந்தாலும் அதே கதைதான். 1993 டிசம்பர் 11ஆம் தேதி 48 பேரைப் பலிகொண்ட ஹைலண்ட் டவர்ஸ் இடிந்ததிலும், பின்புற மலையின் நீர் ஓட்டமும் வடிகாலும் தடுப்புச் சுவரும் முக்கியக் காரணங்களாக இருந்தன.

ஒரு காலத்தில் பொதுப்பணித் துறையின் சாலைத் தொழிலாளர்களில் பெரும் பங்கினர் தமிழர்கள். சாலையோர லயங்களில் குடியிருந்து, அந்தந்த மைல் கல்லுக்கான புல்லையும் கால்வாயையும் பார்த்துக்கொண்டார்கள். எந்த வளைவில் நீர் கசியும், எந்த மரம் சாய்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். 2001 முதல் தீபகற்ப மலேசியாவில் கூட்டரசு சாலைகளின் பராமரிப்பு தனியார் குத்தகை நிறுவனங்களிடம் போய்விட்டது. இயந்திரம் வேகமாக வேலை செய்யும். ஆனால், அதே இடத்தைத் தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றாக எத்தனை முறை, எவ்வளவு நுணுக்கமாகப் பரிசோதனை நடக்கிறது என்பதில்தான் இனி எல்லாம் இருக்கிறது.

பொறுப்பு என்னும் சிக்கல்

சாலைக்கு எல்லைக்கோடு உண்டு. மலைக்கு அது தெரியாது. கூட்டரசு சாலை பொதுப்பணித் துறையின் பொறுப்பு. மாநிலச் சாலை மாநிலத்தின் பொறுப்பு. கட்டண விரைவுச்சாலை குத்தகை நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால், சாலைக்கு மேலே உள்ள சரிவின் பெரும்பகுதி சாலைக்கு ஒதுக்கிய நிலத்திற்கு வெளியே இருக்கலாம். அது தனியாரின் பண்ணையாகவோ, மாநில அரசாங்க நிலமாகவோ, காட்டு நிலமாகவோ இருக்கும். நம் அரசமைப்புச் சட்டப்படி நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளது. மேலே ஒருவர் காட்டை அழித்துக் காய்கறி பயிரிட்டால், அந்த நீர் கீழே சாலையின் சரிவுக்குத்தான் வரும். கீழே உள்ள பொறியியலாளர் எத்தனை கம்பி அடித்தாலும் மேலே நடப்பதை அவரால் தடுக்க முடியாது. தோட்டங்களுக்குள் உள்ள தனியார் சாலைகளோ இந்தக் கணக்கில் சேர்வதே அரிது.

நீதிமன்றத்தை நாடினால் என்ன ஆகும்? ஹைலண்ட் டவர்ஸ் வழக்கில் குடியிருப்பாளர்கள் பல ஆண்டுகள் போராடினர். 2006 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம், சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. தீர்ப்பு சட்டப்படி வந்தது. ஆனால், அனுமதி கொடுப்பவர் ஒருவர், கட்டுபவர் ஒருவர், இடிந்தால் சுமப்பவர் மட்டும் வேறொருவர் என்ற நிலை பொதுமக்களுக்கு ஆறுதலானதல்ல.

ஹாங்காங் இதே வேதனையை முன்பே கண்டது. 1972 ஜூன் 18ஆம் தேதி ஒரே நாளில் சாவ் மாவ் பிங், போ ஷான் சாலை ஆகிய இரு இடங்களில் நடந்த நிலச்சரிவுகளில் 138 பேர் இறந்தனர். 1976இல் சாவ் மாவ் பிங்கில் மீண்டும் 18 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டே சரிவுகளைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் அமைந்தது. இன்று அங்கு மனிதன் வெட்டிய ஏறத்தாழ 60,000 சரிவுகள் ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் உண்டு. வண்டிக்கு எண் பலகை இருப்பது போல் சரிவிலேயே எண் பலகை இருக்கும். எந்தச் சரிவு யாருடைய பொறுப்பு என்று எவரும் தெரிந்துகொள்ளலாம். தனியார் சரிவு ஆபத்தானது என்றால் உரிமையாளருக்கு உத்தரவு போகும். கனமழை வந்தால் நிலச்சரிவு எச்சரிக்கை வானொலியில் ஒலிக்கும். பொறுப்புக்குப் பெயர் வைத்ததும் உயிரிழப்பு குறைந்தது என்பதே ஹாங்காங் காட்டும் பாதை.

எச்சரிக்கை இருந்தும் இழந்த உயிர்கள்

மதிப்பீடு மட்டும் போதாது என்பதற்கு நம் இனத்தின் துயரமே சாட்சி. இலங்கையின் கொஸ்லாந்தை மீரியபெத்தை தேயிலைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் புதையுண்டன. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வெளியேற்ற வேண்டும் என்று இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது. போவதற்கு வேறு வீடுதான் இல்லை. அதே மலையகத்தை 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மீண்டும் புரட்டிப் போட்டது. இலங்கை முழுவதும் வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600-க்கும் அதிகமானோர் இறந்தனர். மலையகச் சாலைகள் துண்டிக்கப்பட்டதால் பல தோட்டங்களுக்கு உதவி போய்ச் சேர நாட்கள் பிடித்தன.

கேரளத்தின் மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு நடந்ததும் இதுவே. தேயிலைத் தோட்ட லயங்கள் மேல் மலை சரிந்ததில் 70 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டிருந்ததால், இரவு நடந்த கொடுமை வெளியுலகுக்குத் தெரிய மறுநாள் காலை ஆனது. மலைச் சாலை என்பது சுற்றுலாப் பாதை மட்டுமன்று. அங்கே வாழும் தொழிலாளிக்கு ஆம்புலன்ஸ் வரும் வழியும் அதுதான். சாலை போனால் உதவியும் போய்விடும். புளூ வேலியில் இறந்த ஐவரும் பிழைப்புக்காக வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நூறாண்டுக்கு முன்பு நம்மவர் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

லிங்கிக்கு வந்து சேரும் மண்

லிங்கி தாழ்நிலம்தானே, இங்கே என்ன கவலை என்று கேட்கலாம். லிங்கி ஆறு சிரம்பானுக்கு மேலே உள்ள மலைப் பகுதிகளில் பிறந்து, நகரத்தைக் கடந்து, செம்பனைத் தோட்டங்கள் வழியாக ஓடி, மலாக்கா எல்லையில் கடலில் கலக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங்கின் ஈயம் இந்த ஆற்று வழியாகத்தான் வெளியே போனது. மேலே வெட்டப்படும் ஒவ்வொரு சரிவின் மண்ணும் மழையோடு இந்த ஆற்றுக்குத்தான் வருகிறது. ஆற்றின் ஆழம் குறைந்தால் வெள்ளம் கரையேறும். நீர் கலங்கினால் இந்த ஆற்றை நம்பியிருக்கும் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வேலை கூடும். மலையில் பராமரிக்கப்படாத ஒரு வடிகாலின் விலையை அடிவாரத்தில் உள்ளவரும் தண்ணீர்க் குழாயில் செலுத்துகிறார்.

மேலும், லிங்கி வட்டாரத்திலிருந்து லோரி ஓட்டுபவர்கள், பேருந்து ஓட்டுபவர்கள், மலையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். நம் சந்தையில் விற்கும் முட்டைக்கோசும் தக்காளியும் கேமரன் மலைச் சாலையில் இறங்கி வருகின்றன. அந்தச் சாலை ஒரு வாரம் மூடினால் விலையில் தெரியும்.

என்ன கேட்க வேண்டும்?

பொதுமக்கள் பொறியியலாளர் ஆக வேண்டியதில்லை. ஆனால், சில அறிகுறிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். சாலையிலோ சரிவின் உச்சியிலோ பிறை வடிவில் புதிய வெடிப்பு. நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்வது. தெளிவாகக் கசிந்த நீர் திடீரெனச் சேறாக வருவது, அல்லது ஓடிய ஊற்று திடீரென நிற்பது. தடுப்புச் சுவர் வயிறு தள்ளுவது. கதவும் சன்னலும் திடீரென இறுகுவது. இவற்றில் எதைக் கண்டாலும் அந்த இடத்தைவிட்டு விலகி, பொதுப்பணித் துறைக்கோ ஊராட்சி மன்றத்துக்கோ தெரிவிக்க வேண்டும். சாலைப் புகார்களுக்காகப் பொதுப்பணி அமைச்சு 2023இல் அறிமுகப்படுத்திய மைஜாலான் செயலியும் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் 999. தொடர்ந்து சில நாட்கள் கனமழை பெய்திருந்தால் மலைப் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுவதில் இழப்பு ஒன்றுமில்லை. முகாமுக்குப் போகிறவர்கள் உரிமம் உள்ளதா என்று கேட்பதில் வெட்கமும் இல்லை.

மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. புக்கிட் புத்துஸ், புக்கிட் தங்கா சாலைகளில் உள்ள சரிவுகளுக்கு மதிப்பெண் என்ன? அவற்றில் அதிக ஆபத்துள்ளவை எவை? கடைசியாக எப்போது வடிகால்கள் பரிசோதிக்கப்பட்டன? மேலே உள்ள நிலம் யாருடையது? 2023இல் முடிந்த பெருந்திட்டம் சொன்னவற்றில் எத்தனை நிறைவேறின? அபாய வரைபடத்தை மலாயிலும் தமிழிலும் சாதாரண மனிதருக்குப் புரியும் வகையில் எப்போது கொடுப்பீர்கள்? தேர்தல் காலத்தில் சாலை போட்டுத் தருவோம் என்ற வாக்குறுதி எளிதாக வருகிறது. போட்ட சாலையின் மேலே உள்ள மலையை யார் பார்த்துக்கொள்வார் என்ற வாக்குறுதியையும் நாம் கேட்டுப் பெற வேண்டும்.

சரிவைக் கட்டும் செலவு பெரிதுதான். சரிந்த பின் தேடி மீட்கும் செலவு, மூடிய சாலையால் வரும் இழப்பு, இழந்த உயிர் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் ஒரு வடிகாலைச் சுத்தம் செய்யும் செலவு மிகச் சிறிது. பத்தாங் காலியில் அன்றிரவு தூங்கப்போன குழந்தைகளுக்கு அந்த மலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் பெரியவர்கள். அடுத்த விடுமுறைக்கு லிங்கியிலிருந்து கிளம்பும் பிள்ளைகளுக்காகவாவது, அந்தக் கேள்விகளை மழை வருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.